யோக்டோவில் வெர்ஷன் தானாக ஏறும்போது வரும் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்பெடட் சாதனங்களுக்கு, சோர்ஸில் இருந்து லினக்ஸைக் கட்டித்தரும் கருவித்தொகுப்பான யோக்டோவில் இமேஜ் கட்டுகிற எல்லோருக்கும் இந்தக் கட்டம் வரும். ஒரு மென்பொருளை எங்கிருந்து எடுத்து எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஃபைல்தான் ரெசிபி. ரெசிபிகளின் தொகுப்பான லேயர்களில் அவை நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றின் அப்ஸ்ட்ரீம் திட்டமும் (அந்த மென்பொருளை எழுதி வெளியிடும் மூலத் திட்டம்) தன் போக்கில் புது வெர்ஷன் வெளியிட்டுக்கொண்டே இருக்கும். கையால் துரத்திப் பிடிக்க முடியாது என்று புரிந்ததும் யோக்டோவின் கருவிகளான டெவ்டூலையோ ஆட்டோ அப்கிரேட் ஹெல்பரையோ வேலைக்கு வைப்போம். அதன் பிறகு வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மாறிகளின் பெயர்களை உச்சரிக்கிறபடி எழுதியிருக்கிறேன். ரெசிபியில் அவை பெரிய ஆங்கில எழுத்துகளில் இருக்கும். அடிக்கோடு இங்கே வருகிற இடத்தில் அங்கேயும் வரும்.

"தானாக வெர்ஷன் ஏறுவது" என்றால் எதைச் சொல்கிறோம்?

இரண்டு வேறு விஷயங்களை ஒரே பெயரில் அழைக்கிறோம். பாதிக் குழப்பம் அங்கிருந்தே வருகிறது.

முதலாவது ஆட்டோரெவ். ரெசிபியில் எஸ்ஆர்சிரெவ் என்ற இடத்தில் குறிப்பிட்ட கமிட்டைச் சொல்லாமல் ஆட்டோரெவ் என்று எழுதிவிட்டால், ஒவ்வொரு முறை பில்டு தொடங்கும்போதும் யோக்டோவின் பில்டு கருவியான பிட்பேக், கிட் சர்வரைக் கேட்டு அந்த பிரான்ச்சின் கடைசிக் கமிட்டை எடுத்துக்கொள்ளும். ரெசிபி ஃபைலில் ஓர் எழுத்துகூட மாறாது. கட்டப்படும் பொருள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது டெவ்டூல் அப்கிரேட். இது புது வெர்ஷனைக் கண்டுபிடித்து, ரெசிபியின் பெயரையும் செக்சம்களையும் (ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்கள்) மாற்றி, பழைய பேட்ச்களை (சோர்ஸில் நாம் சேர்த்த திருத்தங்கள்) புது சோர்ஸ் மேல் பொருத்திப் பார்க்கும். ஆட்டோ அப்கிரேட் ஹெல்பர் இதையே ஒவ்வொரு ரெசிபிக்கும் வரிசையாகச் செய்து, க்யூஇஎம்யு என்ற எமுலேட்டரின் மெஷின்களுக்குக் கட்டிப் பார்த்து, முடிவைப் பராமரிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பும். இங்கே ரெசிபி மாறுகிறது. அந்த மாற்றம் ஒரு கமிட்டாக உங்கள் கண்முன் இருக்கிறது.

எந்தச் சிக்கலோடு யார் வந்தாலும் இந்த இரண்டில் எது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

புது வெர்ஷன் வெளியாகி ஒரு மாதம் ஆகிறது. கருவியோ புதிதாக எதுவும் இல்லை என்கிறது. ஏன்?

அந்த ஒரு ரெசிபிக்கு மட்டும் டெவ்டூல் லேட்டஸ்ட்-வெர்ஷன் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். கருவி வெர்ஷனைத் தேடும் முறை மிக எளிமையானது. சோர்ஸ் டார்பாலாக (சுருக்கிய ஒற்றை ஃபைலாக) இருந்தால், சோர்ஸின் முகவரியைச் சொல்லும் எஸ்ஆர்சி_யூஆர்ஐ காட்டும் அடைவின் பக்கத்தைத் திறந்து அங்குள்ள ஃபைல் பெயர்களில் எண்ணைத் தேடும். கிட்டாக இருந்தால், சர்வரிடம் டேக் பட்டியலை வாங்கி அதில் தேடும். அந்தப் பக்கத்தில் ஃபைல் பெயர் இல்லாமல் போனாலோ, டேக் பெயரிடும் வழக்கத்தைத் திட்டம் மாற்றிவிட்டாலோ, கருவிக்கு எதுவும் தெரியாது.

தீர்வு ரெசிபியில்தான் இருக்கிறது. டார்பால் என்றால் அப்ஸ்ட்ரீம்_செக்_யூஆர்ஐ மாறியில் வெர்ஷன்கள் உண்மையில் பட்டியலிடப்படும் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். அப்ஸ்ட்ரீம்_செக்_ரெக்எக்ஸ் மாறியில் பெயர் எப்படி இருக்கும் என்று ஒரு ரெக்எக்ஸாக (எழுத்து வடிவத்தைத் தேடும் குறிப்பு) சொல்லுங்கள். கிட் என்றால் அப்ஸ்ட்ரீம்_செக்_கிட்டேக்ரெக்எக்ஸ். ரெக்எக்ஸில் எண் வருகிற பகுதியை 'பிவெர்' என்ற பெயரிட்ட குழுவுக்குள் வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு நாள் முழுக்கத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிட்ஹப்பின் ரிலீஸ் பக்கங்களுக்கு கிட்ஹப்-ரிலீஸஸ் என்ற கிளாஸே இருக்கிறது. 2022 அக்டோபரில் வந்த லாங்டேல் என்ற யோக்டோ வெர்ஷன் முதல் கிடைக்கிறது. அதை இன்ஹெரிட் செய்தால் இந்த வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். பைத்தான் ரெசிபிகளில் வேறொரு வில்லங்கம் உண்டு. பைபிஐ தளத்தில் டார்பால் பெயர்கள் இடைக்கோட்டில் இருந்து அடிக்கோட்டுக்கு மாறி வருகின்றன. பழைய பெயரில் தேடினால் பழைய வெர்ஷனோடு தேடல் நின்றுவிடும். பைபிஐ_பேக்கேஜ் மாறியின் மதிப்பை ஒருமுறை சரிபாருங்கள்.

டேக்கே போடாத திட்டங்களும் இருக்கின்றன. அவற்றுக்கு அப்ஸ்ட்ரீம்_செக்_கமிட்ஸ் மாறிக்கு 1 என்று கொடுத்தால் கருவி கமிட்டை வைத்து ஒப்பிடும்.

கருவி ஆல்ஃபா, பீட்டா வெர்ஷன்களைப் பரிந்துரைக்கிறதே?

இதுவும் ரெக்எக்ஸ் விவகாரம்தான். ஜிஸ்ட்ரீமரில் நடு எண் ஒற்றைப்படையாக இருந்தால் அது வளர்ச்சி நிலை வெர்ஷன். அதாவது 1.23 சாதனத்துக்குப் போகிற பொருள் அல்ல, 1.24தான் நிலையானது. ஜினோம் திட்டமும் 3.38 வரை இப்படித்தான் எண்ணியது. 2021 மார்ச்சில் 40 என்று தாவிய பிறகு ஆல்ஃபா, பீட்டா, ஆர்சி என்ற சொற்கள் எண்ணோடு ஒட்டி வருகின்றன. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பழக்கம். அதைத் தெரிந்துகொண்டு, இரட்டைப்படை எண்களை மட்டும் பிடிக்கிற அல்லது எழுத்து ஒட்டியவற்றைத் தள்ளிவிடுகிற ரெக்எக்ஸ் எழுதுங்கள். கோர் லேயரில் உள்ள ஜிஸ்ட்ரீமர் ரெசிபியைத் திறந்து பார்த்தால் மாதிரி கிடைக்கும்.

செக்சம் பொருந்தவில்லை என்று ஃபெட்ச் நின்றுவிடுகிறது. புது செக்சமை ஒட்டிவிடலாமா?

தயவுசெய்து உடனே ஒட்டாதீர்கள். வெர்ஷனை நீங்கள் ஏற்றியிருந்தால் செக்சம் மாறுவது இயல்பு, சரி. வெர்ஷன் அப்படியே இருக்கச் செக்சம் மட்டும் மாறினால், சர்வரில் இருக்கும் ஃபைலை யாரோ அல்லது எதுவோ மாற்றியிருக்கிறது என்று பொருள். பிட்பேக் அந்த ஃபைலைக் கெட்ட செக்சம் என்ற பெயர் சேர்த்து டவுன்லோட் அடைவில் ஒதுக்கி வைத்திருக்கும். உங்கள் மிரரில் பழைய ஃபைல் இருந்தால் இரண்டையும் விரித்து ஒப்பிடுங்கள்.

பெரும்பாலும் காரணம் கெட்ட எண்ணம் அல்ல. 2023 ஜனவரி 30 அன்று கிட்ஹப் தன் ஆர்க்கைவ் டார்பால்களைச் சுருக்கும் முறையை மாற்றியது. உள்ளே இருக்கும் சோர்ஸ் ஓர் எழுத்து மாறாமல், உலகெங்கும் பில்டுகள் செக்சம் பிழையில் நின்றன. எதிர்ப்பு வந்து அன்றைக்கே பழைய முறைக்குத் திரும்பினார்கள். ஆர்க்கைவ் முகவரியில் இருந்து எடுப்பது வேண்டாம் என்று யோக்டோவின் க்யூஏ சோதனை எச்சரிப்பது இதனால்தான். திட்டம் தானே ஏற்றிவைத்த ரிலீஸ் டார்பாலை எடுங்கள். அது இல்லையென்றால் கிட்டில் இருந்து கமிட் எண்ணோடு எடுங்கள்.

கிட் ரெசிபியில், "இந்த ரிவிஷன் அந்த பிரான்ச்சில் இல்லை" என்று வருகிறது.

அந்தத் திட்டம் மாஸ்டர் என்ற பிரான்ச்சை மெயின் என்று பெயர் மாற்றியிருக்கும், அல்லது புது வெர்ஷன் தனி ரிலீஸ் பிரான்ச்சில் இருந்து வந்திருக்கும். எஸ்ஆர்சி_யூஆர்ஐயில் பிரான்ச் பெயரைத் திருத்தினால் போதும். பழைய லேயர்களில், ஃபெட்ச் தொடங்காமலே தொங்கினால் ப்ரோட்டோகால் பகுதியைப் பாருங்கள். கிட்ஹப் 2022 மார்ச் 15 முதல் பழைய கிட் ப்ரோட்டோகாலை முழுவதுமாக நிறுத்திவிட்டது. எச்டிடிபிஎஸ் என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

டெவ்டூல் அப்கிரேட் பாதியில் ரீபேஸ் முரண் என்று நின்றுவிட்டது. இனி என்ன செய்வது?

நின்றதில் தவறில்லை. உங்கள் முடிவு தேவைப்படுகிற இடத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

டெவ்டூல் வொர்க்ஸ்பேஸில் சோர்ஸை ஒரு கிட் ரெப்போவாக விரிக்கும். உங்கள் பேட்ச்களைப் பழைய வெர்ஷன் மேல் கமிட்டுகளாக அடுக்கும். அப்புறம் அந்த அடுக்கைப் புது வெர்ஷன் மேல் ரீபேஸ் செய்யும். ஏதாவது ஒரு பேட்ச் பொருந்தவில்லையென்றால் அந்த இடத்தில் விட்டுவிடும். நீங்கள் அந்த அடைவுக்குள் போய் முரணைத் தீர்த்து, ரீபேஸைத் தொடர்ந்து முடித்து, கட்டிப் பார்த்துவிட்டு, டெவ்டூல் ஃபினிஷ் மூலம் லேயருக்குள் கொண்டுவர வேண்டும்.

முரண் வந்த பேட்ச் அப்ஸ்ட்ரீமிலேயே சேர்ந்துவிட்ட ஒன்றாக இருந்தால் அதைத் தாண்டிவிடலாம். ஆனால் 'சேர்ந்திருக்கும்' என்ற ஊகத்தில் தாண்டாதீர்கள். பேட்சின் தலைப்பகுதியில் அப்ஸ்ட்ரீம்-ஸ்டேட்டஸ் வரி இருக்கும். பேக்போர்ட் (அப்ஸ்ட்ரீமில் இருந்து பழைய வெர்ஷனுக்கு எடுத்துவந்த திருத்தம்) என்று இருந்தால், மூலக் கமிட் எது என்று பார்த்து, அது புது வெர்ஷனின் டேக்குக்குள் இருக்கிறதா என்று கிட்டிடமே கேளுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். 1.4க்குப் பேக்போர்ட் செய்த சிவிஇ (எண்ணிட்டுப் பதிவான பாதுகாப்பு ஓட்டை) திருத்தம் 1.5இல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 1.5 வெளியான பிறகுதான் அந்த ஓட்டையே தெரியவந்திருக்கலாம். அவசரத்தில் தாண்டிவிட்டால், அடைத்த ஓட்டையை வெர்ஷன் ஏற்றி மறுபடி திறந்தவர்கள் ஆவோம்.

அப்ஸ்ட்ரீம்-ஸ்டேட்டஸ் வரியே இல்லாத பேட்ச் கிடைத்தால், யார் எதற்காக வைத்தார்கள் என்று கிட் வரலாற்றில் தேடிக் கண்டுபிடித்து அந்த வரியை எழுதிவிடுங்கள். அடுத்த முறை நேரம் மிச்சம்.

லைசென்ஸ் ஃபைலின் செக்சமை டெவ்டூலே மாற்றிவிடுகிறது. நல்லதுதானே?

வசதிதான், ஆனால் அதை ஒரு மனிதர் படித்தே ஆக வேண்டும். டெவ்டூல் லிக்_ஃபைல்ஸ்_செக்சம் மதிப்பை மாற்றும்போது, பழைய உரிம உரைக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை ரெசிபியிலேயே ஃபிக்ஸ்மீ என்ற குறிப்போடு எழுதி வைக்கும். பத்தில் ஒன்பது முறை அது காப்புரிமை வரியில் ஆண்டு மாறியதாகவே இருக்கும். பார்த்துவிட்டு நீக்கிவிடலாம்.

பத்தாவது முறைதான் ஆபத்து. ரீட்லைன் 6.0இல் ஜிபிஎல் 2இல் இருந்து 3க்குப் போனது. ரெடிஸ் 2024 மார்ச்சில் பிஎஸ்டி உரிமத்தைக் கைவிடுவதாக அறிவித்து, 7.4 முதல் ஆர்எஸ்ஏஎல், எஸ்எஸ்பிஎல் என்ற இரட்டை உரிமத்துக்கு மாறியது. ஜிபிஎல் 3 கூடாது என்று முடிவெடுத்த சாதனத்தில் இப்படி ஒன்று ஒரு தானியங்கிக் கமிட்டுக்குள் ஒளிந்து போய்விட்டால், விற்ற பிறகு சரிசெய்வது மிகக் கடினம். லைசென்ஸ் வேறுபாடு இருக்கிற எந்தக் கமிட்டையும் தனியாக எடுத்துவைத்துப் படியுங்கள். உரிமத்தின் வகையே மாறியிருந்தால் லைசென்ஸ் மாறியையும் திருத்தி, கமிட் செய்தியில் காரணத்தை எழுதுங்கள்.

பேட்ச், செக்சம் எல்லாம் சரி. கம்பைல் கட்டத்தில் இணையம் கிடைக்கவில்லை என்று ஃபெயில் ஆகிறது.

2022 ஏப்ரலில் வந்த கிர்க்ஸ்டோன் என்ற யோக்டோ வெர்ஷன் முதல், ஃபெட்ச் தவிர்த்த டாஸ்க்குகளுக்கு நெட்வொர்க் மூடப்பட்டிருக்கிறது. புது வெர்ஷனில் அந்தத் திட்டம் ஏதோ ஒரு துணை நூலகத்தை சிமேக் வழியாகவோ பிப் வழியாகவோ கட்டும்போதே இறக்கப் பார்க்கிறது. கம்பைல் டாஸ்க்குக்கு நெட்வொர்க்கைத் திறந்துவிட ஒரு வழி இருக்கிறது, அதைத் தேடிப் போகாதீர்கள். அந்த நூலகத்துக்கு ரெசிபி இருந்தால் டிபெண்ட்ஸில் சேர்த்து, சிஸ்டத்தில் இருப்பதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் எஸ்ஆர்சி_யூஆர்ஐயில் இரண்டாவது சோர்ஸாகச் சேருங்கள்.

இதன் உறவுக்காரச் சிக்கல்கள் சில உண்டு. ஆட்டோடூல்ஸில் இருந்து மீசானுக்குத் திட்டம் மாறியிருக்கும். பைத்தான் பேக்கேஜ் செட்டப்டூல்ஸை விட்டு ஹேட்ச்லிங்குக்குப் போயிருக்கும். பைத்தானின் கிரிப்டோகிராஃபி 3.4இல் செய்ததுபோல் ரஸ்ட் உள்ளே வந்திருக்கும். இவற்றில் இன்ஹெரிட் வரியை மாற்ற வேண்டும். ரஸ்ட் என்றால் கிரேட் பட்டியலைப் புதுப்பிக்க அப்டேட்_கிரேட்ஸ் என்ற டாஸ்க் இருக்கிறது.

ரெசிபியை ஏற்றிவிட்டேன். இமேஜில் இன்னும் பழைய வெர்ஷனே இருக்கிறது!

நான்கு இடங்களைப் பாருங்கள். டெவ்டூல் வொர்க்ஸ்பேஸில் அந்த ரெசிபி இன்னும் கிடக்கிறதா? கிடந்தால் லேயரில் நீங்கள் செய்யும் எந்த மாற்றமும் எடுபடாது, டெவ்டூல் ரீசெட் செய்யுங்கள். டிஸ்ட்ரோ கான்ஃபிலோ லோக்கல் கான்ஃபிலோ ப்ரிஃபர்டு_வெர்ஷன் பழைய எண்ணில் கட்டிவைக்கப்பட்டிருக்கிறதா? புது ரெசிபியில் டிஃபால்ட்_ப்ரிஃபரன்ஸ் மைனஸ் ஒன்றாக இருக்கிறதா?

நான்காவதுதான் பலரை ஏமாற்றுவது. ஒரே ரெசிபி இரண்டு லேயர்களில் இருந்தால், ப்ரையாரிட்டி அதிகமுள்ள லேயர்தான் வெல்லும். அதில் இருக்கும் வெர்ஷன் பழையதானாலும் சரி. சிப் தயாரிப்பாளர் கொடுத்த பிஎஸ்பி லேயரில் யாரோ எப்போதோ நகலெடுத்து வைத்த ரெசிபி ஒன்று இப்படி மறைந்திருக்கும். பிட்பேக்-லேயர்ஸ் ஷோ-ரெசிபீஸ் கட்டளைக்கு ரெசிபி பெயரைக் கொடுத்தால் எந்த லேயரில் எந்த வெர்ஷன் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வெர்ஷன் ஏற்றியதும் ஒரு பிபிஅப்பெண்டுக்கு ரெசிபி இல்லை என்று பார்சிங்கே நின்றுவிட்டது.

பிபிஅப்பெண்ட் என்பது வேறொரு லேயரின் ரெசிபி மேல் மாற்றம் சேர்க்கும் ஃபைல். அதன் பெயரில் பழைய எண் முழுதாக எழுதப்பட்டிருக்கிறது. எண்ணுக்குப் பதில் % குறி போடலாம். 1.% என்று எழுதினால் 1.x தொடரின் எல்லா வெர்ஷனுக்கும் பொருந்தும். அந்த அப்பெண்டில் குறிப்பிட்ட வெர்ஷனுக்கான பேட்ச் இருந்தால் மட்டும் முழு எண்ணை விட்டுவையுங்கள். அந்த நிலையில் பில்டு நிற்பதே நல்லது, பேட்சை மறுபடி பாருங்கள் என்று அது உங்களிடம் சொல்கிறது.

ஆட்டோரெவ் போட்ட ரெசிபி நேற்று கட்டப்பட்டது, இன்று இல்லை. நாங்கள் எதையும் தொடவில்லை.

நீங்கள் தொடவில்லை, அப்ஸ்ட்ரீமில் யாரோ தொட்டிருக்கிறார்கள். உங்கள் குழுவே தினமும் கமிட் செய்கிற அப்ளிகேஷனுக்கு ஆட்டோரெவ் நல்ல வசதி. வெளியார் திட்டத்துக்கும், ரிலீஸ் பில்டுக்கும் கூடாது. ஆறு மாதம் கழித்துக் களத்தில் ஒரு சாதனம் செயலிழந்தால், அன்று எந்தக் கமிட் உள்ளே போனது என்று சொல்ல முடியாமல் நிற்போம்.

பில்டுஹிஸ்டரி கிளாஸை இன்ஹெரிட் செய்து வைத்தால், பில்டுஹிஸ்டரி-கலெக்ட்-எஸ்ஆர்சிரெவ்ஸ் ஸ்கிரிப்ட் அன்றைய பில்டில் பயன்பட்ட கமிட் எண்களையெல்லாம் வரிசையாகக் கொடுக்கும். ரிலீஸ் நாளில் அதை ஓர் இன்க் ஃபைலாக்கிச் சேர்த்துவிடுங்கள். நேற்றைய நல்ல பில்டின் பட்டியல் கையில் இருந்தால், இன்று எது மாறியது என்று ஒரு டிஃப்பிலேயே தெரியும்.

இன்னொன்று. ஆட்டோரெவ் இருக்கும்வரை ரெசிபிகளைப் பார்ஸ் செய்யவே நெட்வொர்க் வேண்டும். இணையமில்லாத பில்டு சர்வரில் நெட்வொர்க் அனுமதி இல்லை என்ற பிழையோடு தொடக்கத்திலேயே நின்றால் காரணம் இதுதான்.

களத்தில் உள்ள சாதனங்கள் ஃபீடில் (பேக்கேஜ்களை இறக்கிக்கொள்ளும் சர்வரில்) இருக்கும் புது பேக்கேஜை எடுக்க மறுக்கின்றன.

இதை நானே அனுபவித்திருக்கிறேன். சோதனைக்காகச் சில சாதனங்களில் ஒரு பேக்கேஜின் 2.0ஆர்சி1 வெர்ஷனைப் போட்டோம். சில வாரங்களில் 2.0 வந்தது, ஃபீடில் வைத்தோம். மற்ற சாதனங்கள் எல்லாம் எடுத்துக்கொண்டன. சோதனைச் சாதனங்கள் மட்டும் தங்களிடம் இருப்பதே புதியது என்றன. பேக்கேஜ் மேனேஜர் வெர்ஷன்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடும்போது 2.0ஐ விட 2.0ஆர்சி1 பெரியது. அது ரிலீஸுக்கு முந்தையது என்று அதற்கு எப்படித் தெரியும்? நடுவே ஓர் அலைக்குறி போட்டு 2.0~ஆர்சி1 என்று பிவியை (ரெசிபியின் வெர்ஷன் மாறி) எழுதியிருந்தால் அது 2.0ஐ விடச் சிறியதாகக் கொள்ளப்பட்டிருக்கும். ஒரு குறிக்காக ஒவ்வொரு சாதனமாகப் போய்ச் சரிசெய்தோம்.

கிட் ரெசிபிகளில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். வெர்ஷனின் வாலில் கமிட் ஹாஷ் மட்டும் இருந்தால், ஹாஷ்களுக்குள் எது முன், எது பின் என்ற வரிசையே கிடையாது. பிஆர் சர்வீஸை இயக்கினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறுகிற எண்ணை அது முன்னால் சேர்க்கும். ஃபீட் வைத்திருப்பவர்கள் பிஆர் சர்வீஸின் தரவுத்தளத்தையும் பேக்அப் எடுக்க வேண்டும். அதை இழந்தால் எண்கள் முதலில் இருந்து தொடங்கும். வெர்ஷன் பின்னோக்கிப் போனால் பில்டுஹிஸ்டரி அதைக் கண்டு சொல்லும். அந்தச் செய்தியை அணைத்துவைக்காதீர்கள். அப்ஸ்ட்ரீமே எண்ணும் முறையை மாற்றிவிட்டால் மட்டும், வெர்ஷனுக்கும் முன்பாக ஒப்பிடப்படும் பிஇ மாறியை ஒன்று கூட்டுங்கள். கூட்டினால் பிறகு குறைக்க முடியாது.

நீண்ட கால ஆதரவு பிரான்ச்சில் இருக்கிறோம். அங்கும் எல்லாவற்றையும் ஏற்றலாமா?

வேண்டாம். ஸ்கார்த்கேப் போன்ற பிரான்ச்களில் பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைத் திருத்தங்களும் மட்டுமே வரும்படி சமூகம் காத்துவருகிறது. அங்கே டெவ்டூல் செக்-அப்கிரேட்-ஸ்டேட்டஸ் ஓட்டினால் நீண்ட பட்டியல் வரும், பயப்பட வேண்டாம். அந்த பிரான்ச்சில் சிவிஇ-செக் சொல்வதைப் பின்தொடருங்கள். உங்கள் சொந்த லேயரின் ரெசிபிகளுக்கு மட்டும் வெர்ஷன் ஏற்றுங்கள்.

கட்டி முடிந்து சோதனையும் தேறினால், மனிதர் பார்க்காமலே கமிட்டைச் சேர்த்துவிடலாம் அல்லவா?

என் பதில், கூடாது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்கதவு இருப்பதை வெளியிட்டார். எஸ்எஸ்எச் நுழைவு சுமார் அரை நொடி தாமதமானதைக் கவனித்துத் தோண்டியதில் கிடைத்தது அது. அந்த வெர்ஷன்கள் பெரும்பாலான இடங்களில் நன்றாகவே கட்டப்பட்டன, சோதனைகளும் தேறின. பின்கதவைத் தூண்டும் வரிகள் கிட்டில் இல்லை, ரிலீஸ் டார்பாலில் மட்டும் இருந்தன. வெர்ஷன் ஏற்றுகிற தானியங்கிக்கு அது மற்றுமொரு புது எண், அவ்வளவே.

எல்லாச் சோர்ஸையும் வரிவரியாகப் படிக்க யாராலும் முடியாது, அது எனக்கும் தெரியும். முடிந்ததைச் செய்யலாம். வெளியாகிச் சில வாரங்கள் ஆறவிடலாம். பில்டுஹிஸ்டரி-டிஃப் ஓட்டி, பேக்கேஜின் அளவும் சார்புகளும் ஃபைல்களும் எப்படி மாறின என்று பார்க்கலாம். ஒரு சிறு திருத்த வெர்ஷனில் பைனரி இரட்டிப்பாகியிருந்தாலோ, புதுச் சார்பு ஒன்று முளைத்திருந்தாலோ அங்கே நின்று கேளுங்கள்.

சில ரெசிபிகளை ஏற்றவே கூடாது. ஒவ்வொரு வாரமும் பட்டியலில் வந்து தொல்லை தருகின்றன.

ரெசிபி_நோ_அப்டேட்_ரீசன் என்ற மாறி இதற்காகவே இருக்கிறது. 'வேண்டாம்' என்று மட்டும் எழுதாமல் உண்மையான காரணத்தை எழுதுங்கள். "3.x தொடருக்கு ஜிசிசி புது வெர்ஷன் தேவை, டூல்செயின் மாறும்போது எடுக்கவும்" என்று இருந்தால், டூல்செயின் மாறுகிற வாரத்தில் இந்த ரெசிபியைத் திறப்பவர் அந்த வரியை நீக்கிவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவார்.